கண்ணாடியில் ஒட்டுவது யார் வீட்டுப் பஞ்சு?

கேள்வி: காருக்கென்று நாலு மைக்ரோஃபைபர் துண்டு வாங்கினேனுங்க, நீலக் கலர். வண்டி பாடிக்கு அருமையா இருக்குது. கண்ணாடியத் தொடச்சா மட்டும் வெள்ளை வெள்ளையாப் பிசிறு ஒட்டுது. திருப்பித் தொடச்சா இன்னும் சேருது. ரெண்டு தடவை வாஷிங் மெஷின்ல போட்டும் நிக்கலை. துண்டு மட்டமா, நான் தொடைக்கறது தப்பா?
- அனுப்பர்பாளையம், திருப்பூர்

பதில்: நீலத் துண்டிலிருந்து வெள்ளைப் பிசிறு எப்படிங்க வரும்? கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடியில் ஒட்டிய பிசிறை செலோடேப்பில் ஒற்றி எடுத்து, டேப்பைக் கறுப்புச் செல்போன் திரை மீது ஒட்டி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாக, சுருண்டு, நீளம் ஒன்றுக்கொன்று சேராமல் கிடந்தால் அது பருத்தி. துண்டின் நிறத்திலேயே, ஒரே அளவில் நறுக்கின மாதிரி கிடந்தால் துண்டின் ஓரத்திலிருந்து உதிர்ந்தது. பக்கக் கண்ணாடி ஓரத்தில் மட்டும் கறுப்பாகப் பொடிப்பொடியாக இருந்தால் இரண்டும் இல்லை. கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் சேனலின் உள்பக்கம் வெல்வெட் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது தேய்ந்து வருகிறது.

பனியன் ஊர்க்காரருக்கு நூல் பாடம் எடுக்கத் தேவையில்லை, ஆனாலும் காரணம் அங்கேதான் இருக்கிறது. பருத்தி நூல் என்பது 25, 30 மில்லிமீட்டர் நீளமுள்ள பஞ்சு இழைகளை முறுக்கிச் சேர்த்தது. உரசினால் குட்டை இழை கழன்றுவிடும். மைக்ரோஃபைபர் பாலியெஸ்டரும் நைலானும் சேர்ந்த தொடர் இழை. வெட்டின ஓரத்தைத் தவிர வேறெங்கும் கழலுவதற்கு முனை குறைவு. ஆனால் ஒவ்வொரு இழையும் ஆரஞ்சுச் சுளை மாதிரி பிளந்து, கூர் விளிம்போடு இருக்கும். அழுக்கைப் பிடிப்பது அந்த விளிம்புதான். பனியனோடும் வேட்டியோடும் பூத்துவாலையோடும் சேர்த்து மெஷினில் போட்டால், அவை உதிர்க்கிற பஞ்சையெல்லாம் அதே விளிம்பு வாரிக்கொள்ளும். பிறகு கண்ணாடியில் கொண்டுபோய்க் கக்கும். பாடியிலும்தான் கக்குகிறது, வண்டி வெள்ளை பெயின்ட் என்றால் கண்ணுக்குத் தெரிவதில்லை. உலர்ந்த கண்ணாடியை உலர்ந்த துண்டால் அழுத்தித் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகி, பிசிறை இன்னும் இழுத்துவைக்கும். நீங்கள் திருப்பித் திருப்பித் துடைக்கும்போது அதிகமாவதற்கு இதுவே காரணம்.

துண்டைத் தூக்கிப்போட வேண்டாம், மீட்டுவிடலாம். காய்ந்த துண்டை நன்றாக உதறிவிட்டு, அகலமான பேக்கிங் டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி உரியுங்கள். பிறகு 10 லிட்டர் பக்கெட்டில் கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40 டிகிரி அளவில் தண்ணீர், அதில் 15 மில்லி திரவ சோப்பு. அரைமணி நேரம் ஊறட்டும். கசக்கிய பிறகு துண்டை முதலில் வெளியே எடுங்கள், அப்புறம் தண்ணீரைக் கொட்டுங்கள். துண்டு உள்ளே கிடக்கும்போதே பக்கெட்டைச் சாய்த்தால், மேலே மிதக்கிற பஞ்சு தண்ணீர் வடிய வடியத் துண்டின் மேலேயே படிந்துவிடும். பலர் கோட்டை விடுவது இந்த ஒரு இடத்தில்தான். நுரை நிற்கும்வரை மூன்று, நாலு தண்ணீர் அலசுங்கள். போர் தண்ணி உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். உப்புப் படிந்த துண்டு காய்ந்ததும் விறைத்துப்போகும், கண்ணாடியில் கோடு விடும்.

மெஷினில்தான் போடுவேன் என்றால், பஞ்சு பிடிக்கும் லின்ட் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, வெறும் தண்ணீரில் ஒரு ரின்ஸ் ஓட்டிவிட்டு, மைக்ரோஃபைபர் துண்டுகளை மட்டும் தனி லோடாகப் போடுங்கள். வாசனைக்கென்று ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் ஒரு சொட்டும் கூடாது. அது இழை மேல் மெழுகு மாதிரி படிந்து, துண்டு தண்ணீரைக் குடிக்காமல் தள்ளும். பிளீச்சும் வேண்டாம். கொதிக்கிற தண்ணீர் இழையைக் கெடுக்கும், இஸ்திரி இழை நுனியை உருக்கிக் கட்டியாக்கும். 60 டிகிரிக்கு மேல் போகவே வேண்டாம். ஆடிக் காத்தடிக்கும் நாளில் மாடிக் கொடியில் போடாதீர்கள், ஊர்ப் புழுதியெல்லாம் அதில்தான் வந்து உட்காரும். நிழலில், வீட்டுக்குள் காயவைத்து, ஜிப் கவரில் போட்டு மூடிவையுங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டாம் முறையும் பஞ்சு ஒட்டினால், அந்தத் துண்டை வீலுக்கும் கதவு இடுக்குக்கும் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: எங்க ஊர்ல பனியன் வேஸ்ட் கிலோக் கணக்குல கெடைக்குது. "லின்ட் ஃப்ரீ" துணின்னு சொல்லிக் கட்டு கட்டியும் விக்கறாங்க. அதையே கார் கண்ணாடிக்கு வெச்சுக்கலாமுங்களா?
- பெருமாநல்லூர்

பதில்: எண்ணெய் துடைக்க, செயின் துடைக்க அதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது. கண்ணாடிக்கு வேண்டாம். கட்டிங் வேஸ்ட்டில் நாலு பக்கமும் வெட்டுவாய். அத்தனையிலிருந்தும் குட்டை இழை உதிரும். கோம்டு நூலில் பின்னினது என்றால் குட்டை இழையைச் சீவி எடுத்திருப்பார்கள், கொஞ்சம் குறைவாக உதிரும். அவ்வளவுதான். பருத்தியில் பஞ்சே உதிராத துணி என்று ஒன்று கிடையாது. கட்டுக்குள் எலாஸ்டிக் துண்டு, பிரின்ட் போட்ட துண்டு, சமயத்தில் உடைந்த ஊசிகூடக் கலந்து வரும். கண்ணாடியில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கீறல் நிரந்தரம்.

கேள்வி: கண்ணாடிக்குன்னே தனித் துண்டு வேணுமா? கடையில வாஃபிள், சூயிட், டெரி என்கிறார்கள், தலை சுத்துது.
- பெருந்துறை

பதில்: வேணும். ரோமம் நீளமாக நிற்கிற டெரித் துண்டு மெழுகு துடைக்க, பாடி ஈரம் எடுக்க. கண்ணாடிக்கு ரோமம் இருக்கவே கூடாது அல்லது மிகக் குட்டையாக இருக்க வேண்டும். தேன்கூட்டுக் கட்டம் போட்ட வாஃபிள் துண்டு ஒன்று, வழவழப்பான சூயிட் துண்டு ஒன்று, இரண்டு போதும். வாஃபிள் ஈரத்தோடு அழுக்கை எடுக்கும், சூயிட் கடைசி மினுக்கலுக்கு. 200-லிருந்து 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) சரியாக இருக்கும். அளவு 40-க்கு 40 செ.மீ. நாலாக மடித்தால் துடைக்க எட்டு முகம் கிடைக்கும்.

வாங்கும்போது லேபிளில் 80/20 அல்லது 70/30 என்று பாலியெஸ்டர், நைலான் விகிதம் இருக்கிறதா பாருங்கள். நூறு சதவீதம் பாலியெஸ்டர் என்றால் தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகும். கை சொரசொரப்பாக இருப்பவர்களுக்கு வேறு சோதனையே வேண்டாம்: உள்ளங்கையில் பட்டதும் துணி தோலைக் கவ்வினால் இழை ஒழுங்காகப் பிளந்திருக்கிறது. பட்டு மாதிரி வழுக்கினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ஓரம் தைத்ததைவிட, வெப்பத்தில் வெட்டி ஓரம் மூடியது நல்லது. தைத்ததுதான் கிடைக்கிறது என்றால் தொங்கும் நூலை இழுக்காமல் கத்தரியுங்கள். லேபிளையும் பிரித்து எடுத்துவிடுங்கள், அதன் முனை கீறும். புதுத் துண்டை ஒருமுறை அலசாமல் கண்ணாடியில் வைக்காதீர்கள், வெட்டும்போது விழுந்த துகள் உள்ளேயே இருக்கும்.

டப்பாவில் ஈரமாகவே வரும் மஞ்சள் ரப்பர் மாதிரித் துணியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதில் பஞ்சே வராது. தண்ணீரை வழிக்க நல்லது. எண்ணெய்ப் படலத்தை எடுக்காது.

கேள்வி: ஆன்லைனில் "800 ஜிஎஸ்எம், 40-க்கு 40" என்று போட்டிருந்த துண்டு வாங்கினேன். பிடித்துப் பார்த்தால் மெலிசாக இருக்கிறது. மளிகைக் கடைத் தராசில் வைத்தால் ஒன்று 78 கிராம். ஏமாற்றுதானே? என்ன செய்யலாம்?
- கோபிசெட்டிபாளையம்

பதில்: தராசில் வைத்தது கெட்டிக்காரத்தனம். கணக்கையும் போட்டுவிடுவோம். 0.40-ஐ 0.40-ஆல் பெருக்கினால் 0.16 சதுர மீட்டர். 800 ஜிஎஸ்எம் என்றால் எடை 128 கிராம் இருக்க வேண்டும். உங்கள் 78 கிராமை 0.16-ஆல் வகுத்தால் சுமார் 490. ஜிஎஸ்எம் 5 சதவீதம் முன்னே பின்னே இருப்பது தொழிலில் சகஜம். இது அந்தக் கணக்கில் வராது, முக்கால் பாகம்கூட இல்லை. ஓரத் தையலும் லேபிளும் எடையில் சேர்ந்துதான் 78 என்பதையும் நினைவில் வையுங்கள். துண்டின் நீள அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள், சில சமயம் திருட்டு அங்கே இருக்கும்.

விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பாக்கெட்டின் நாலு பக்கம், தராசின் எண் தெரிகிற மாதிரி துண்டு, எல்லாவற்றையும் படம் எடுங்கள். பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம், புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் வருட எடையளவு விதி. அதில் எது விடுபட்டிருந்தாலும் சேர்த்து எழுதுங்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாலு துண்டுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவை வராது. எடைப் படம் போனாலே பெரும்பாலும் பணம் திரும்பிவிடும்.

இன்னொன்று, கண்ணாடிக்கென்று வாங்கியிருந்தால் நிஜமான 800 ஜிஎஸ்எம்மும் தப்பான துண்டுதான்.

கேள்வி: குன்னூர் மலை ஏறும்போது, எதிரே லைட் அடித்தால் முன் கண்ணாடி உள்பக்கம் பால் மாதிரி வெளுக்கிறது. துடைத்தால் துண்டு இழுவையாகி நூல் நூலாக ஒட்டுகிறது.
- மேட்டுப்பாளையம்

பதில்: வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் கசிய விடும் ஆவி, அதன்மேல் தேய்க்கும் பளபளப்பு பாலிஷ், இரண்டும் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாகப் படியும். பிசின் தடவின மாதிரி அதில் எல்லாப் பிசிறும் ஒட்டும். துண்டை மாற்றிப் பயனில்லை, படலத்தை எடுக்க வேண்டும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 400 மில்லி. சோப்பு சேர்க்காதீர்கள். ஆசிட் கேனையும் டிஸ்டில்டு வாட்டர் கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும் கடைகள் உண்டு, லேபிளைப் படித்து வாங்குங்கள். கலவை தீப்பிடிக்கும். காருக்குள் விட்டுவைக்கக் கூடாது, அடிக்கும்போது கதவுகளைத் திறந்துவையுங்கள். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் அமோனியா கலந்த கிளீனர் கூடாது.

முதலில் சீட்டு, மேட்டு எல்லாம் வாக்குவம் செய்து முடியுங்கள், கண்ணாடி கடைசியில். ஏசி, ஃபேன் ஓடக் கூடாது. நிழலில், கண்ணாடி ஆறின பிறகு செய்யுங்கள். கலவையைத் துண்டில் அடியுங்கள், கண்ணாடியில் அடித்தால் டேஷ்போர்டு இடுக்கில் வழியும். வாஃபிள் துண்டு ஈரம் தெரிகிற அளவுக்கு இருந்தால் போதும், சொட்டக் கூடாது. உள்பக்கம் கிடையாக, வெளிப்பக்கம் மேலிருந்து கீழாகத் துடைத்தால், கோடு மிஞ்சினாலும் எந்தப் பக்கத்துக் கோடு என்று தெரிந்துவிடும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் சூயிட் துண்டால் லேசாக ஒரு முறை. அழுத்தினால் நிலைமின்சாரம் வரும். கண்ணாடியும் டேஷ்போர்டும் சேரும் மூலைக்குக் கை போகாது. பிளாஸ்டிக் தோசைக் கரண்டி மேல் துண்டைச் சுற்றித் தள்ளுங்கள். பின் கண்ணாடியில் சூடேற்றும் கம்பிக் கோடுகள் இருந்தால் கோட்டோடு சேர்ந்தே துடையுங்கள், குறுக்கே தேய்த்தால் அறுந்துபோகும்.

கேள்வி: வெளிக் கண்ணாடி கழுவினாலும் சொரசொரன்னு இருக்குது, துண்டு மாட்டுது. தோட்டத்து போர் தண்ணிதான் அடிக்கிறோம்.
- பல்லடம்

பதில்: கையில் பாலிதீன் பை மாட்டிக்கொண்டு கழுவின கண்ணாடியைத் தடவுங்கள், வெறும் கைக்குத் தெரியாத மணல் மணலான படிவு தெரியும். உப்புத் தண்ணி தானாகக் காய்ந்த சுண்ணாம்பும், ரோட்டுத் தாரும் பிசினும். வெள்ளைப் புள்ளிக்கு, வீட்டு வினிகரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் ஒட்டவைத்துக் கழுவுங்கள், பெயின்ட்டில் வழிய விடாதீர்கள். மிச்சத்துக்கு கிளே பார், அதாவது படிவை ஒட்டி எடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி, கண்ணாடியை நன்றாக நனைத்துக்கொண்டு தேய்க்க வேண்டும். அதன்பிறகும் புள்ளி போகவில்லை என்றால் கண்ணாடி அரித்துவிட்டது, பாலிஷ் கடைக்காரர் வேலை. கல்லடித்த சிறு பள்ளம் இருந்தால் துண்டின் கண்ணி அதில் மாட்டும். இழுக்காதீர்கள், கத்தரியுங்கள்.

கேள்வி: பழைய நியூஸ்பேப்பர்ல தொடைச்சாப் பஞ்சே வராதுன்னு அப்பாரு சொல்றாரு.
- காங்கயம்

பதில்: பஞ்சு வராது, அப்பாரு சொல்வது சரி. மை வரும். வெளிர்நிறக் கதவு லைனிங்கில் ஏறினால் போகாது, அதனால் வெளிப்பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.