ஃபெல்லோஷிப் வாங்குபவருக்கு மகப்பேறு விடுப்பு கிடையாதா?

கேள்வி: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கான (ஜே.ஆர்.எஃப். ஃபெல்லோஷிப்) தேர்வில் தேறி, தென்மாவட்டத் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் காசநோய் பற்றி பி.எச்டி. செய்கிறேன். இது ஆறாம் மாதம், முதல் குழந்தை. விடுப்பு கேட்டால், "நீங்கள் ஊழியர் இல்லை, மாணவி. லீவு எடுங்கள், பணம் வராது" என்கிறது அலுவலகம். சொந்தக் காரணங்களுக்காக ஃபெல்லோஷிப்பை விட்டுக்கொடுப்பதாக ஒரு கடிதமும் கேட்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம். கொடுக்கலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: மற்றதைப் பிறகு பேசலாம், அந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். விடுப்பை மறுத்தால் நிர்வாகம் காரணம் சொல்லியாக வேண்டும். நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. மறுபடி சேர்ப்பது கல்லூரியின் கையிலும் இல்லை. ஃபெல்லோஷிப்பைத் தருவது ஐ.சி.எம்.ஆர்.

நீங்கள் ஊழியர் இல்லை என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமும், இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஊதியத்துக்கு வேலை செய்யும் பெண்களைப் பற்றியவை. ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் பணியாளராகச் சேர்ந்தவர் அவற்றைக் காட்டி வாதாடலாம். தேர்வெழுதி ஃபெல்லோஷிப் வென்றவர் அதையே முதல் ஆயுதமாக எடுத்தால், ஊழியரா மாணவியா என்ற வாதத்திலேயே காலம் போய்விடும். குழந்தை அதுவரை காத்திருக்காது.

உங்கள் பலம் ஃபெல்லோஷிப்பின் விதிகளில்தான் இருக்கிறது. ஜே.ஆர்.எஃப்., அதற்கு அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். போன்றவர்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2019 ஜனவரியில் ஓர் உத்தரவு வெளியிட்டது. மத்திய அரசு அறிவுறுத்தல்களின்படியான மகப்பேறு விடுப்பு எல்லாப் பிரிவினருக்கும் உண்டு என்று அதில் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் விதிப்படி, உயிரோடிருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால் 180 நாள், சம்பளத்தோடு. ஃபெல்லோஷிப் வழங்கி ஐ.சி.எம்.ஆர். அனுப்பிய விருதுக் கடிதத்தை எடுத்து, விடுப்பு பற்றிய நிபந்தனையை ஒருமுறை படியுங்கள். கடிதத்தை ஃபைலில் போட்டுவிட்டு மறந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லும் 240 நாள் வேறு கணக்கு. பி.எச்டி. காலத்தில் பெண்கள் எடுக்கக்கூடிய அந்த விடுப்பு, படிப்புக்கான கெடுவைக் காப்பாற்றும். பணத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆகவே ஒரே மனுவில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். விடுப்புக் காலத்தில் உங்கள் இரண்டாம் ஆண்டு முடிந்து எஸ்.ஆர்.எஃப். மதிப்பீடு வருமானால், அதைத் தள்ளிவைக்கவும், எஸ்.ஆர்.எஃப். தொகையான மாதம் 42,000 ரூபாயை உரிய தேதியிலிருந்தே கணக்கிடவும் அதிலேயே கோருங்கள்.

மனுவோடு மருத்துவச் சான்றிதழ், பிரசவம் எதிர்பார்க்கும் தேதி, விருதுக் கடித நகல் இருக்கட்டும். கைடு, ஹெச்.ஓ.டி., பதிவாளர் மூவருக்கும் கொடுத்து, ஐ.சி.எம்.ஆருக்கு நகல் அனுப்புங்கள். கையில் கொடுத்தால் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்புங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மறுப்பை வைத்து நீதிமன்றம் போவது சிரமம்.

இன்னொன்று. உங்கள் பணம் கல்லூரியின் பையிலிருந்து வருவதில்லை. உங்கள் பெயரில் எந்தெந்த மாதத்துக்கு எவ்வளவு விடுவித்தீர்கள் என்று ஐ.சி.எம்.ஆரிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். கல்லூரிகளின் பேச்சு அதற்குப் பிறகு மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

அப்படியும் அசையாவிட்டால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், அரசு அமைப்புகளுக்கு உத்தரவிடக் கோரும் ரிட் மனு. கல்லூரி தனியார் என்பதால் ரிட் செல்லாது என்று வாதிடுவார்கள், அதனால் ஐ.சி.எம்.ஆரை முதல் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். டாக்டர் கவிதா யாதவ் வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் இடையில் முடிந்துபோன மருத்துவருக்கும் மகப்பேறு பலன் முழுதாக உண்டு என்றது. தர்மபுரி மாவட்ட ஆசிரியை உமாதேவி வழக்கில், 2025 மே மாதம், மகப்பேறு விடுப்பைப் பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்த்துப் பார்த்தது. இருவரும் ஊழியர்கள்தான், ஆனாலும் உங்கள் வாதத்துக்கு இரண்டும் துணை நிற்கும்.

வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலை வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மதுரைக் கிளையிலேயே அதற்கான சட்டப் பணிகள் குழு இருக்கிறது.