அம்மாவை ட்ரயலில் சேர்க்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் கண்டியில் தைரொயிட் சுரப்பியை முழுதாக அகற்றினார்கள். பெபிலரி வகைப் புற்றுநோய் என்றார்கள். கதிரியக்க அயடினும் ஒரு தடவை கொடுத்தார்கள். இப்போது இரத்தத்தில் தைரோகுளோபியூலின் (தைரொயிட் செல்கள் சுரக்கும் புரதம், ஏறினால் நோய் திரும்பியதோ என்று பார்ப்பார்கள்) 1.1இலிருந்து 4.6க்கு ஏறியிருக்கிறது, தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனான டி.எஸ்.எச். 11. காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் பெயர் பதியும் இடத்துக்கு) போகும் அவசரத்தில் தைரொயிட் ஹோர்மோன் மாத்திரையான தைரொக்சின், கல்சியம், பால் தேத்தண்ணி எல்லாம் ஒன்றாகத்தான் உள்ளே போகும். கனடாவில் இருக்கும் மாமா, கிளினிக்கல் ட்ரயலில் (சிகிச்சைகளை நோயாளரிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வில்) சேர்த்தால் புது மருந்து இலவசமாகக் கிடைக்கும் என்கிறார். எங்கே தேடுவது? அம்மாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களா? அவருக்குப் புற்றுநோய் என்று சொல்லாமல், வெறும் கழலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

பதில்: மாமாவின் யோசனையை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தத் தேத்தண்ணி.

தைரொக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போக வேண்டிய மாத்திரை. பாலும் கல்சியமும் அதை உடம்பில் சரியாகச் சேரவிடாது. மாத்திரை சேராவிட்டால் டி.எஸ்.எச். ஏறும். டி.எஸ்.எச். ஏறினால், மிச்சம் மீதி இருக்கும் தைரொயிட் செல்கள் தூண்டப்பட்டு தைரோகுளோபியூலினும் ஏறும். ஆக, உங்களைப் பயமுறுத்திய அந்த 4.6இல் நோயின் பங்கு எவ்வளவு, தேத்தண்ணியின் பங்கு எவ்வளவு என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. எழுந்தவுடன் மாத்திரையைப் போடட்டும். தேத்தண்ணி அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து. கல்சியம் நான்கு மணி நேரம் தள்ளி. காலையில் சரிவராது என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச்., தைரோகுளோபியூலின் இரண்டையும் மறுபடி சோதிக்க வேண்டும். மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். கழுத்து ஸ்கேனை மட்டும் இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

சரி, ட்ரயல். பெபிலரி பெரும்பாலும் மெதுவாக வளரும். கழுத்து நெறியில் (நிணநீர்க் கணுவில்) திரும்பி வந்தாலும் இன்னொரு சத்திரசிகிச்சை, இன்னொரு தடவை அயடின், சில வேளை சும்மா கவனித்து வருவது என்று வழிகள் உண்டு. புது மருந்து ட்ரயல்கள் பெரும்பாலும் அயடினுக்குக் கட்டுப்படாமல் வளரும் நோய்க்குத்தான். அதனால் உங்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “அம்மாவின் நோய் இன்னும் அயடினை எடுக்கிறதா?”

தேடுவது கடினமில்லை. இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய ட்ரயல் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. இந்தியாவுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு, உலகம் முழுவதற்கும் அமெரிக்காவின் கிளினிக்கல்ட்ரயல்ஸ் டொட் கவ். பார்க்கக் காசு வேண்டாம். ‘ரெக்ரூட்டிங்’ என்று போட்டிருந்தால்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று அர்த்தம். பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டுங்கள். வெளிநாட்டு ட்ரயல் என்றால் மருந்து இலவசமாக இருந்தாலும் விசா, தங்குமிடம், மாதாமாதம் போய்வருவது எல்லாம் உங்கள் தலையில் விழலாம். சேர்த்துவிடக் காசு கேட்கும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஒருவர் என்னிடம் ஒரு சொப்பிங் பை நிறைய ரிப்போட் கொண்டுவந்தார். ஈ.சி.ஜி. மட்டும் நான்கு. பயோப்சி ரிப்போட் இல்லை! அது இல்லாமல் எந்த ட்ரயல்காரரும் பேச்சை ஆரம்பிக்க மாட்டார்கள். சத்திரசிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். பிராஃப், ரெட் போன்ற மரபணு மாற்றங்களைப் பார்க்க அதுதான் தேவை. அதன் இலக்கத்தைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

சோதனை எலி என்ற பயம் நியாயமானதுதான். அயடினுக்குக் கட்டுப்படாத தைரொயிட் புற்றுநோய்க்கான லென்வட்டினிப் மருந்தின் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு 2015இல் வந்தது, 392 பேர். மூன்றில் ஒரு பங்கினருக்கு வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்கு நோய் வளராமல் நின்ற இடைநிலைக் காலம் 18.3 மாதம், மற்றவர்களுக்கு 3.6 மாதம். ஆனால் வெற்று மாத்திரைக்காரர்களை அப்படியே விட்டுவிடவில்லை, நோய் வளர்ந்ததும் அசல் மருந்துக்கு மாற வழி வைத்திருந்தார்கள். அந்த மருந்தும் சும்மா இல்லை. இரத்த அழுத்தம், வயிற்றோட்டம், எடை குறைவு என்று பலரையும் படுத்தியது. எல்லா ட்ரயலும் புது மருந்துக்கல்ல என்பதையும் மாமாவிடம் சொல்லுங்கள். பிரிட்டனிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வுகள், அபாயம் குறைந்த பலருக்கு 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயடினுக்குப் பதில் 30 போதும் என்று 2012இல் காட்டின.

எந்த ட்ரயலிலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க, முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்கலாம். எந்த நாளிலும் விலகலாம், வழமையான சிகிச்சை அதனால் நிற்காது.

அங்கேதான் உங்கள் ‘கழலை’ இடிக்கிறது. ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் அம்மா, நீங்களோ மாமாவோ அல்ல. நோயின் பெயரை மறைத்து அவரை எந்த ட்ரயலிலும் சேர்க்க முடியாது. உள்ளதைச் சொன்னால், தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதற்கும் அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். தனி அறையில் வைத்து, யாரையும் கிட்ட விடாமல் அயடின் கொடுத்த நாட்களைக் கடந்து வந்தவர். எதுவுமே தெரியாமல் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.