சொன்ன கூடை

கடிதம்:

வணக்கம். சென்ற மாதம் குடும்பத்தோடு இரண்டு நாள் ஏற்காடு போய்வந்தோம். ஏரி, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் ஒரே பகலில் முடிந்துவிட்டன. மலைக் கிராமங்களையும் அங்கே கையால் செய்யப்படும் பொருள்களையும் பார்க்க ஆசைப்பட்டோம். கடைவீதியில் கிடைத்ததோ தைலமும் சாக்லேட்டும்தான். ஊர்க்காரர்கள் மலையாளிகள் என்றார் டிரைவர். கேரளத்திலிருந்து எப்போது வந்தார்கள்? நகரத்து வாடை படாத கிராமம் ஒன்றைச் சொல்ல முடியுமா?

எஸ்., தாம்பரம்

பதில்:

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். அப்படி ஒரு கிராமம் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இல்லை. இருந்தால் உங்களிடம் சொல்லவும் மாட்டேன், கோபிக்காதீர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்ததிலிருந்தே அந்த மலைக்குச் சந்தையோடு கொடுக்கல் வாங்கல் உண்டு.

மலையாளி என்றால் மலையில் வாழ்பவர், அவ்வளவுதான். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள், நாங்கள் அவர்கள் வழி என்பது அவர்களே சொல்லும் கதை. கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் காரில் ஏறி, காரிலேயே சுற்றி, காரிலேயே இறங்கினால் கிராமம் கண்ணில் படாது. ஏற்காட்டில் காரை நிறுத்திவிட்டு நாகலூர்ப் பக்கமோ மாரமங்கலம் பக்கமோ பஸ்ஸில் போங்கள். டிசம்பரில் போனால் காப்பிப் பழம் பறிக்கும் காலம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அடியில் சிவந்த பழங்கள், களத்தில் காயும் கொட்டை. காப்பிப் பூ பார்க்க வேண்டுமென்றால் கோடைமழை விழுந்து எட்டுப் பத்து நாளில் போய்விட வேண்டும். மல்லிகை போல மணக்கும், சில நாளில் கருகிவிடும்.

இனி கைவினை. ஒருமுறை நாகலூர் தாண்டி ஒரு சிற்றூரில் பெரியவர் ஒருவர் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நுனியை இடுக்கிக்கொண்டு அரிவாளை இறக்கினார். கணு வந்ததும் அரிவாள் நின்றது. நானாக இருந்தால் ஓங்கிப் போட்டிருப்பேன். அவர் மணிக்கட்டை லேசாகத் திருப்பினார், டப்பென்ற சத்தத்தோடு பிளவு அடுத்த கணுவரை ஓடியது. பிறகு ஒவ்வொரு பத்தையையும் இரண்டாக உரித்தார். பச்சைத் தோல் இருக்கும் பக்கம் கூடையின் அடிக்கும் வாய்க்கும். உள்பக்கத்து வெள்ளைச் சதைக்கு உரம் குறைவு, அதில் பாதி அடுப்புக்குப் போனது. வளர்பிறையில் வெட்டினால் உளு விழும் என்றார். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டு வருகிறது என்று படித்திருக்கிறேன். பிறைக்கும் அதற்கும் என்ன கணக்கு என்பதை அவரிடமே விட்டுவிட்டேன்.

பக்கத்தில் முடிந்த கூடை ஒன்று இருந்தது. என்ன விலை என்றேன். “அது சொன்ன கூடை” என்றார். சாணம் அள்ள ஒருவர் சொல்லி வைத்திருந்தாராம். இரண்டு பங்கு விலை தருகிறேன் என்று நான் சொன்னது இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நீங்கள் கடைவீதியில் தேடியது கிடைக்காமல் போனதற்கு இதுதான் காரணம். மலைக் கிராமத்தில் கூடை யாருக்கோ தேவைப்பட்ட பிறகுதான் பிறக்கிறது. வருகிறவருக்குக் காட்டவென்று அடுக்கிவைப்பதில்லை. விற்பதற்கென்றே செய்யும் ஊர்களும் சேலம் மாவட்டத்தில் உண்டு. தம்மம்பட்டியில் மரச்சிற்பம், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு. அங்கே தாராளமாகப் பட்டறை ஏறிப் பாருங்கள், வாங்குங்கள். மலையில் வேறு வழக்கம்.

அன்று வேறு வழியில்லாமல் நானும் ஒரு கூடை சொன்னேன். “எதற்கு?” என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. கொஞ்சம் யோசித்து, வெங்காயம் போட்டுவைக்க என்றேன். அப்படியானால் காற்றுப் போக இடைவெளி விட்டுப் பின்ன வேண்டும் என்று கையால் அளவு காட்டினார். ஒன்றரை மாதம் கழித்துப் போனபோது அவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து எடுத்துவந்து, “வெங்காயக் கூடைக்காரர் நீங்கள்தானா?” என்று கேட்டுக் கொடுத்தார். அப்போது பச்சையாக இருந்தது. இப்போது பழுத்த பலா இலை நிறம்.