படித்தது எதிரே வந்து நின்ற ஆண்டு

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "எனக்கு 2014 போல இன்னோர் ஆண்டு வாய்க்கவில்லை. பட்டம் வாங்கியதும் அப்போதுதான், முதன்முதலாக வெளிநாடு போனதும் அப்போதுதான்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த இதழ் முழுக்க அந்த ஆண்டைப் பற்றியே பேசிவிடலாம்.

அந்த வருஷம் அப்படி என்னதான் நடந்தது? விவரமாகச் சொல்லுங்களேன். – இறுதியாண்டு மாணவி ஒருவர்

மே மாதம் இயற்பியலில் பட்டப்படிப்பை முடித்தேன். வேலைக்கான கடிதம் ஏற்கெனவே கையில் இருந்தது. ஜூலையில் சேர வேண்டும். ஜூன் கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சேரும் தேதி நவம்பருக்குத் தள்ளிப்போகிறதாம். காரணம் என்று எழுதியிருந்தது இரண்டே வரி. என்னோடு தேர்வானவர்களில் கடன் வாங்கிப் படித்தவர்கள் இருந்தார்கள். தவணை கட்டத் தொடங்க வேண்டிய நேரத்தில் அவர்களுக்கு இப்படி ஓர் அடி. எனக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. வேலை தருகிறோம் என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போடுகிறவர்கள், அந்த நான்கு மாதமும் ஒரு பிள்ளை வீட்டில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று யோசிப்பதே இல்லை. இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அதில் வருத்தம்தான்.

அப்பாதான் பேச்சை எடுத்தார். "வேலையில சேர்ந்துட்டா நாலு நாள் லீவுக்குக்கூட ஒருத்தர் முன்னாடி நிக்கணும். இப்போ யாரையும் கேட்க வேண்டாம். எங்கயாவது போய்ட்டு வாம்மா." இரண்டு வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அக்டோபர் 7 முதல் 14 வரை ஜப்பான் போய் வந்தேன். மொத்தம் எட்டு நாள்.

எத்தனையோ நாடுகள் இருக்க, ஏன் ஜப்பான்? – ஒரு வாசகர்

1945-ல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவுக்காக. அணுக்கருப் பிளவு பற்றிப் பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. யுரேனியம் 235, ஒரு நியூட்ரான், பேரியம், கிரிப்டான், மூன்று நியூட்ரான் என்று சமன்பாட்டை எழுதி, பத்துக்குப் பத்தும் வாங்கினேன். வெளியே வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இரவு படுத்த பிறகுதான், எதற்காகச் சந்தோஷப்பட்டோம் என்று மனசு உறுத்தியது. அந்த ஊரை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

அந்த எட்டு நாளில் கண்ணை மூடினால் முதலில் வருவது எது? – ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

ஐயா, முதலில் வருவது ஒசாகாவில் நான் தங்கிய விடுதியின் கீழ்த்தளம். அக்டோபர் 7, நான் போய் இறங்கிய முதல் நாள். மாலை ஏழு மணி இருக்கும். பயணக் களைப்போடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தொலைக்காட்சியில் திடீரென்று மூன்று பேரின் படங்கள், பக்கத்தில் ஒரு நீல விளக்கு. மொழி புரியவில்லை. ஆனால் அந்த விளக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்த வருடத்தின் இயற்பியல் நோபல் பரிசு, நீல எல்.இ.டி. கண்டுபிடித்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும்!

குறைகடத்திகள் தாளுக்கு நான் உருப்போட்ட பாடம் அது. சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. நீலத்துக்குத்தான் இன்னும் 30 வருடம் பிடித்தது. நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் வேண்டும். அதைத் தரக்கூடிய காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தி, நல்ல படிகமாக வளரவே மறுத்தது. நகோயாவில் அகாசாகியிடம் மேற்படிப்பு மாணவராக இருந்த அமானோ, திரும்பத் திரும்பத் தோற்று, கடைசியில் அடியில் அலுமினியம் நைட்ரைடு படலம் ஒன்றைப் போட்டு அதன் மேல் படிகத்தை வளர்த்துக் காட்டினார். ஏறக்குறைய என் வயதில் செய்த வேலை. தோகுஷிமாவில் ஒரு நிறுவனத்தில் இருந்த நகமுரா, பளிச்சென்று எரியும் நீல எல்.இ.டி.யை 1993-ல் கொண்டுவந்தார். நீலத்தோடு மஞ்சள் ஒளிரும் பூச்சைச் சேர்த்தால் வெள்ளை வெளிச்சம். இன்றைக்கு உங்கள் மேசை விளக்கு அதுதான்.

வரவேற்பு மேசையில் ஓர் அம்மா இருந்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. நோட்டை எடுத்து காலியம் நைட்ரைடின் வேதிக் குறியீட்டை எழுதி, தொலைக்காட்சியைக் காட்டி, அப்புறம் என்னைக் காட்டி, படிப்பது போலக் கையை விரித்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான்கு பேரும் நின்றுகொண்டே செய்தி முழுவதையும் பார்த்தோம். நான் பட்டம் வாங்கிய நாள் எதுவென்று கேட்டால், மேடையில் சுருளைக் கையில் வாங்கிய நாளைச் சொல்ல மாட்டேன். இந்த மாலையைத்தான் சொல்வேன்.

மறுநாள் அக்டோபர் 8 முழுச் சந்திர கிரகணம். கியோட்டோவில் கமோ ஆற்றங்கரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஜப்பான் நேரப்படி 7:25-க்கு நிலா முழுதாக நிழலுக்குள் போயிற்று, ஏறக்குறைய ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்தது. பழுத்த செங்கல் நிறம். பூமியைச் சுற்றியுள்ள காற்று நீலத்தைச் சிதறடித்துவிட்டு, சிவப்பை மட்டும் வளைத்து நிலாவரை அனுப்புகிறது. அதாவது, அந்த நேரத்தில் உலகெங்கும் நடக்கும் சூரிய உதயமும் அஸ்தமனமும் சேர்ந்து நிலா மேல் விழுகிற வெளிச்சம் அது. இதையும் நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு பெரியவர் தன் இருகண்நோக்கியைக் கேட்காமலே என்னிடம் நீட்டினார். அதில் பார்த்தபோது நிலா தட்டாக இல்லை, உருண்டையாகத் தெரிந்தது.

கோயில்கள் பார்க்கவில்லையா? – ஒரு வாசகி

நிறைய. ஒன்று மட்டும் சொல்கிறேன். கியோட்டோவின் சஞ்சூசங்கென்தோ. 120 மீட்டர் நீள மண்டபம், உள்ளே கருணையின் போதிசத்துவரான கன்னோனின் ஆயிரம் கைகள் கொண்ட சிலைகள் 1,001. நடுவில் உள்ள பெரிய சிலையை தங்கெய் என்ற சிற்பி 1254-ல் முடித்தபோது அவருக்கு வயது 82. வரிசைக்குக் காவலாக நிற்கும் 28 பேரில் இந்திரன், பிரம்மா, கருடன் எல்லாரும் இருக்கிறார்கள். பௌத்தத்தோடு பயணம் போனவர்கள். கருடன் அங்கே புல்லாங்குழல் வாசிக்கிறார்.

ஹிரோஷிமாவில் என்ன பார்த்தீர்கள்? – வாசகர்கள் பலர்

அக்டோபர் 11-ஆம் தேதி போனேன். கூரை உதிர்ந்து இரும்புக் கூடு மட்டும் நிற்கும் அந்தக் கட்டடத்தைப் படத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என்னை நிறுத்தியது அருங்காட்சியகத்துக்குள் இருந்த ஒரு கற்படி. ஒரு வங்கியின் வாசற்படி அது, குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து 260 மீட்டரில் இருந்தது. காலை 8:15. வங்கி திறக்கட்டும் என்று யாரோ அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெப்பத்தில் சுற்றியுள்ள கல்லெல்லாம் வெளிறிவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் வெளிறவில்லை. அந்தக் கருமைதான் மிச்சம்.

இன்னொரு பெட்டியில் ஒரு பள்ளி மாணவனின் சாப்பாட்டு டப்பா. மூடி நெளிந்து, உள்ளே இருந்த சாப்பாடு அப்படியே கரியாக. அம்மா கட்டிக்கொடுத்தது.

அந்தக் குண்டில் இருந்தது ஏறத்தாழ 64 கிலோ யுரேனியம். அதில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆற்றலாக மாறிய நிறை ஒரு கிராமைக்கூடத் தொடவில்லை. 1945 முடிவுக்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த எண்களில் பாதி எனக்கு முன்பே மனப்பாடம். அந்த டப்பாவுக்கு முன்னால் நின்றபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெளியே வந்து ஆற்றோரம் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சமன்பாட்டை நன்றாகப் படியுங்கள், முழு மதிப்பெண் வாங்குங்கள். அந்தச் சமன்பாடு யார் தலையில் இறங்கியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என் மகள் படிப்பை முடித்துவிட்டுத் தனியாக வெளிநாடு போக வேண்டும் என்கிறாள். அனுப்பப் பயமாக இருக்கிறது. – ஒரு தாய்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. என் அம்மாவும் ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியில் ஒரே நிபந்தனை போட்டார்: "ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு வரி அனுப்பணும். நல்லா இருக்கேன்னு மட்டும் எழுதாதே. அன்னிக்கு என்ன பார்த்தேன்னு எழுது." அந்த எட்டு வரிகள் இன்னும் அவரிடம் இருக்கின்றன.

நீங்கள் மகளோடு உட்கார்ந்து சிலதை முடிவு செய்துகொள்ளுங்கள். புதிய ஊரில் பகல் நேரத்தில் போய் இறங்குவது மாதிரி பயணச்சீட்டு எடுங்கள். முதல் இரண்டு இரவுக்கான அறையை இங்கிருந்தே உறுதி செய்யுங்கள். கடவுச்சீட்டின் நகல் பையில் ஒன்று, உங்களிடம் ஒன்று இருக்கட்டும். பயணக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். விடுதியின் முகவரியை அந்த ஊர் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். நான் இரண்டு தடவை வழி தவறினேன், இரண்டு தடவையும் அந்தத் தாள்தான் காப்பாற்றியது. ஆனால் ஒன்று, கடன் வாங்கி அனுப்பாதீர்கள். கைப்பணம் போதாதென்றால் அடுத்த வருடம் போகட்டும்.

புயலில் மாட்டிக்கொண்டதாக எங்கோ எழுதியிருந்தீர்களே? – ஒரு வாசகர்

மாட்டிக்கொள்ளவில்லை, அதுதான் விசேஷம். ஜப்பானில் புயலுக்கு எண் வைத்துத்தான் சொல்வார்கள். 19-ஆம் எண் புயல் அக்டோபர் 13 இரவு ஒசாகா பக்கம் கரையேறியது. ஒசாகா, கியோட்டோ, கோபே பகுதியில் மாலை 4 மணிக்கு மேல் ரயில்கள் ஓடாது என்று மேற்கு ஜப்பான் ரயில்வே முன்கூட்டியே சொல்லிவிட்டது. நான் காலையிலேயே ஹிரோஷிமாவிலிருந்து கிளம்பி மதியத்துக்குள் ஒசாகா விடுதிக்கு வந்துவிட்டேன். வரவேற்பு மேசையில் இருந்த அதே அம்மா சன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். நானும் கூடமாட நின்றேன். மறுநாள் காலை வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது.

அங்கிருந்து கொண்டு வந்த பொருள் ஏதாவது இன்னும் வைத்திருக்கிறீர்களா? – பள்ளி மாணவர் ஒருவர்

வைத்திருக்கிறேன் தம்பி. புயலுக்கு மறுநாள், விமானத்துக்கு முன்னால், ஒசாகாவில் மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த நிப்பொம்பாஷி தெருவுக்குப் போனேன். ஒரு சின்னப் பொட்டலத்தில் பத்து நீல எல்.இ.டி.கள் வாங்கினேன். 5 மில்லிமீட்டர் தலை, இரண்டு கால், நீளமான கால் நேர்முனை. ஒன்பதை, பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். ஒன்று என் மேசை இழுப்பறையில், தீப்பெட்டிக்குள் இருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரியில் அது எரியாது, நீலத்துக்கு அது போதாது. 3 வோல்ட் பொத்தான் பேட்டரி ஒன்றை எடுத்து, இரண்டு காலுக்கும் நடுவில் செருகிப் பிடித்தால் போதும். உன் கேள்வியைப் படித்ததும் எடுத்துப் பார்த்தேன். எரிகிறது.