எண்ணெய் டின்னில் ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு வயது 42. உயரம் 158 செ.மீ. ஐந்து மாதத்துக்கு முன் எடை 78 கிலோ. செல்போனில் ஒரு கலோரி ஆப் போட்டு, நாளுக்கு 1,200-க்கு மேல் போகாமல் எழுதி வருகிறேன். காலையில் பக்கத்து வீட்டு அக்காவோடு தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் நடக்கிறேன். முதல் மூன்று மாதத்தில் 4 கிலோ குறைந்தது. அப்புறம் இரண்டு மாதமாக முள் 74-ஐ விட்டு அசையவில்லை. 1,000 கலோரியாகக் குறைத்துவிடட்டுமா? இல்லை, இது தைராய்டா? எங்கள் அத்தை, "சாப்பிடுறத எண்ணுனா உடம்புல எப்படி ஒட்டும்?" என்று தினமும் திட்டுகிறார். ஒரு வாரம் எழுதியதைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, அனுப்பானடி, மதுரை

பதில்: ஒட்டக் கூடாது என்றுதானே எண்ணுகிறீர்கள்! இருந்தாலும் உங்கள் அத்தையை நான் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1,000-க்கு இறங்காதீர்கள். 1,200-ஏ உங்களுக்குக் குறைவு. உடலுழைப்பு குறைந்த, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கே நாளுக்கு 1,660 கலோரி என்கிறது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். உங்கள் வயது, உயரம், எடையை வைத்துக் கணக்குப் போட்டால், சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு 1,350 கலோரி செலவழிக்கும். வீட்டு வேலை, நடை எல்லாம் சேர்த்தால் 1,800 பக்கம் வரும். நிஜமாகவே 1,200 மட்டும் சாப்பிட்டால் தினம் 600 துண்டு விழ வேண்டும். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. அப்படியென்றால் மாதம் 2 கிலோவாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. உடம்பு பொய்க்கணக்கு எழுதாது. எனவே நோட்டில் ஏறாத ஏதோ ஒன்று வாயில் ஏறுகிறது. திட்டுவதாக நினைக்காதீர்கள், கலோரி எழுதும் எல்லோருக்கும் இது நடக்கிறது. முதல் மாதம் பயந்து பயந்து எழுதுவோம், நாலாவது மாதம் பழக்கத்தில் எழுதுவோம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் என் கண்ணில் பட்டது "காபி – 5 கலோரி" என்ற வரி. ஒரு நாளைக்கு மூன்று முறை, எழுதிய ஆறு நாளும். அந்த 5 பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் காபியின் கணக்கு. உலகத்துக்கே பொதுவாகச் செய்த ஆப், காபி என்றால் அதைத்தான் நினைத்துக்கொள்ளும். அனுப்பானடியில் யார் அந்தக் காபியைக் குடிக்கிறார்கள்? 100 மில்லி பாலில் 60-லிருந்து 90 கலோரி, இரண்டு ஸ்பூன் சர்க்கரையில் 40. ஒரு டம்ளருக்கு 100-க்குக் குறையாது. மூன்று டம்ளரில் 300. உங்கள் நோட்டில் 15. மொத்தச் சிக்கலில் பாதி இங்கேயே அவிழ்ந்துவிட்டது.

மீதிப் பாதி எண்ணெய். தினம் "எண்ணெய் 2 டீஸ்பூன் – 80" என்று எழுதியிருக்கிறீர்கள். தோசைக் கல்லில் நீங்கள் விட்டது அது. தாளித்ததை, பொரியலில் ஊற்றியதை, குழம்பு கொதித்தபின் மேலே மிதந்ததை எந்தத் தட்டில் வைத்து அளப்பது? ஒரு சட்டியில் ஐந்து பேருக்குச் சமைக்கிற வீட்டில் தட்டைப் பார்த்து எண்ணெயைக் கணக்கிட யாராலும் முடியாது. எனக்கும் முடியவில்லை. ஆசைக்கு ஒரு தராசு வாங்கி, கத்தரிக்காய்ப் பொரியலை எடைபோட்டு, அதில் என் பங்கு எண்ணெய் எவ்வளவு என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். காய் ஆறிப்போனதுதான் மிச்சம்.

அதனால் தட்டை விட்டுவிட்டு டின்னைப் பாருங்கள். மாதச் சாமானில் 5 லிட்டர் டின் ஒன்றும் ஒரு லிட்டர் நல்லெண்ணெயும் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். 6,000 மில்லியை 30 நாளால், அப்புறம் ஐந்து பேரால் வகுத்தால் ஆளுக்குத் தினம் 40 மில்லி. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி வீதம் 330 வருகிறது. வடை சுட்டு மிஞ்சிக் கொட்டியது, பிள்ளைகள் கூடுதலாகத் தின்ற தோசை என்று தாராளமாகக் கழித்தாலும் உங்கள் பங்கு 250-க்குக் கீழே போகாது. எழுதியது 80.

இந்தக் கணக்கில் கெட்டிக்காரர் உங்கள் அத்தைதான். எந்தத் தேதியில் டின் உடைத்தோம், இந்த மாதம் ஏன் 22-ஆம் தேதியே தீர்ந்தது என்பதெல்லாம் அவருக்கு நிச்சயம் தெரியும். ஒருவர் சாப்பிடும் இட்லியை எண்ணக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். சாமானை எண்ணுவதில் அவருக்கு எந்த வருத்தமும் இருக்காது. அவரிடமே பொறுப்பைக் கொடுங்கள். "அத்தை, இந்த மாசம் எண்ணெய் 4 லிட்டருக்குள்ள முடிக்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள், கலோரி என்ற வார்த்தையே வேண்டாம். 6 லிட்டர் 4 ஆனால் வீட்டில் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 100 கலோரிக்கு மேல் குறைகிறது. சிரமம் உங்களுக்கு, பலன் வீட்டுக்காரருக்கும் சேர்த்து!

அரிசியையும் இப்படியே பிடிக்கலாம். ஆப் சொல்லும் "ஒரு கப்" வெந்த சாதத்தில் 160 கிராம் பக்கம். உங்கள் வீட்டுக் கப் எவ்வளவு பிடிக்கும் என்று ஆப்புக்குத் தெரியாது. உலை வைக்கும்போது அரிசியைப் பச்சையாக நிறுத்துப் போடுங்கள். 100 கிராமுக்கு 350 கலோரி, குழைந்தாலும் உதிரியாக வந்தாலும் அதேதான். தேங்காய்ச் சட்னியையும் "சட்னி" என்று ஒரே வரியில் தாண்டாதீர்கள். 100 கிராம் தேங்காயில் 350-க்குக் குறையாது. தக்காளிச் சட்னி அந்தப் பக்கமே வராது.

இப்போது நடை. தெப்பக்குளம் ஏறக்குறைய 1,000 அடிக்கு 950 அடி. ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் மூன்று சுற்று என்கிறீர்கள், அக்கா நன்றாகப் பேசுவார் போலிருக்கிறது. உங்கள் ஆப் இதற்கு 300 கலோரி வரவு வைக்கிறது. அந்த நேரம் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியும் அதில் சேர்ந்திருக்கும், வேகமும் கூட்டி மதிப்பிடப்பட்டிருக்கும். உண்மையில் நடையால் கூடுதலாகச் செலவானது 150 இருந்தால் பெரிசு. தப்பு நடையில் இல்லை. "இன்று 300 பாக்கி இருக்கிறது" என்று ராத்திரி இன்னொரு தோசை வார்த்துக்கொள்கிறீர்களே, அங்கே இருக்கிறது. நடை வரவை ஆப்பில் அணைத்துவையுங்கள். நடையை மட்டும் விடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் நாலு சுற்று வருகிற மாதிரி நடங்கள். பேச்சு தானாகக் குறையும்.

வாரம் இரண்டு மூன்று நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பதினைந்து பதினைந்தாக மூன்று முறை செய்யுங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் அப்படியே. சாப்பாட்டைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுக்க இந்தப் பயிற்சியும் புரதமும் வேண்டும். உங்கள் பட்டியலில் புரதம் மெலிந்து கிடக்கிறது. காலையில் ஒரு முட்டை, சாயங்காலம் மிக்சருக்குப் பதில் சுண்டல் என்று தொடங்கினால் ராத்திரிப் பசியும் அடங்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் நோட்டில் பக்கமே இல்லை. குடும்பத்தோடு பரோட்டாக் கடை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியதை நானும் கவனித்தேன். ஒரு சாதாரண பரோட்டாவே 250, 300 கலோரி. பன் பரோட்டாவும் சால்னாவும் அதற்கு மேலே, திரும்பும் வழியில் ஜிகர்தண்டா. பெயரில் குளிர்ச்சி இருக்கிறதே தவிர, சுண்டக் காய்ச்சிய பாலும் சர்க்கரைப் பாகும் ஐஸ்கிரீமும்தான் உள்ளே. மதுரையில் இருந்துகொண்டு போகவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பரோட்டாவோ ஜிகர்தண்டாவோ, ஏதாவது ஒன்று. எதுவானாலும் எழுதுங்கள். மறுநாள் எடை பார்க்காதீர்கள், உப்பும் மாவும் பிடித்துவைத்த தண்ணீரே ஒரு கிலோ ஏற்றிக் காட்டும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். வாரம் மூன்று நாள், காலையில் கழிவறை போய் வந்ததும் பார்த்து, சராசரியை மட்டும் குறித்துவையுங்கள்.

தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், சந்தேகம் தீரும். சுரப்பு குறைந்தால் எடை கூடுவது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் சில கிலோக்கள்தான் கூடும். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அதையும் சேர்த்துப் பாருங்கள். 78-இல் 4 கிலோ என்பது 5 சதவீதம். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்க முதலில் எட்டச் சொல்லும் இலக்கே 5 சதவீதம்தான். முள் அசையவில்லை என்று அழுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி 1,400 என்று வைத்துக்கொள்ளுங்கள், பாலோடு, எண்ணெயோடு, ஞாயிற்றுக்கிழமையோடு. காபியை இரண்டாக்கி, சர்க்கரையைப் பாதியாக்குங்கள். கணக்குப்படி மாதம் ஒன்றரை கிலோ, நடைமுறையில் ஒரு கிலோ குறைந்தாலே நல்ல வேகம். இரண்டு மாதம் கழித்து அந்த எடையோடு, புது டின் உடைத்த தேதியையும் அது தீர்ந்த தேதியையும் அத்தையிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.