பாக்கெட்டில் வரும் கீட்டோ: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. சர்க்கரை நோயின் எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்ன மருத்துவர், மாவுச்சத்தைக் குறைக்கும்படியும் எடையைக் கொஞ்சம் இறக்கும்படியும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் மகன் கீட்டோ மாவு, கீட்டோ பிஸ்கட், கீட்டோ மிக்சர் என்று இணையத்தில் மாதந்தோறும் வரவழைக்கிறான். 800 கிராம் மாவு மட்டும் 560 ரூபாய். எல்லாம் சேர்த்து மாதம் நாலாயிரத்தைத் தாண்டுகிறது. கொடுக்கும் பணத்துக்கு இவை தகுமா? (கோவை வாசகி)

பதில்: பெரும்பாலும் தகாது என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு முன்பு ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் மருத்துவர் சொன்னது மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லி. மகன் வாங்குவதோ கீட்டோ. இரண்டும் ஒன்றல்ல. கீட்டோ உணவுமுறை 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோயாளிகளுக்காக முன்வைத்த கடுமையான பத்தியம். நாளொன்றுக்கு மாவுச்சத்து சுமார் 20 முதல் 50 கிராமுக்குள் நின்றால்தான் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உருவாக்கும் நிலைக்குப் போகும். ஒரு கோப்பைச் சோற்றிலேயே ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து வந்துவிடுகிறது. ஆகவே காலையில் இட்லி, மதியம் சாப்பாடு, மாலையில் மட்டும் கீட்டோ பிஸ்கட் என்று இருக்கும் வீட்டில் அந்த பிஸ்கட் கீட்டோவாக வேலை செய்வதில்லை. விலை கூடிய பிஸ்கட்டாகத்தான் வயிற்றுக்குள் போகிறது.

அடுத்தது 'கீட்டோ' என்ற சொல்லைப் பற்றி. 'சர்க்கரை இல்லை' என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டுமானால், 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ஆம் ஆண்டின் விதிகளில் அளவு வகுத்திருக்கிறது. 'கீட்டோ' என்பதற்கு அப்படி ஓர் அளவு வகுக்கப்படவில்லை. அதனால் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் அந்தச் சொல்லை ஓர் உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளாமல், பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பதிலிருந்துதான் கணக்குத் தொடங்க வேண்டும்.

மாவையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் படமெடுத்து அனுப்பிய உட்பொருள் பட்டியலில் சோயா மாவு, பாதாம் மாவு, குளூட்டன் என்ற கோதுமைப் புரதம், ஆளி விதை, இசப்கோல் உமி ஆகியவை இந்த வரிசையிலேயே உள்ளன. எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. எனவே முன்பக்கத்தில் பாதாம் படம் இருந்தாலும், பையில் அதிகம் இருப்பது சோயா. சாதாரணக் கோதுமை மாவில் 100 கிராமுக்கு 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு; இந்தக் கலவையில் அது நிச்சயம் வெகுவாகக் குறையும். அந்த மட்டில் பொய் இல்லை. ஆனால் கோதுமை மாவு 100 கிராமுக்கு 340 கிலோ கலோரியை ஒட்டித் தரும் என்றால், பாதாம் மாவு 580-ஐ ஒட்டித் தருகிறது. எடை குறைய வேண்டியவர் 'கீட்டோதானே' என்று வழக்கமான மூன்று சப்பாத்திக்குப் பதில் நான்காகச் சாப்பிட்டால், மாவுச்சத்தில் மிச்சம் பிடித்ததைக் கலோரியில் தொலைத்துவிடுவார். மேலும், குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் 'கோதுமை இல்லாத மாவு' என்று நினைத்து இதை வாங்கிவிடக் கூடாது. சப்பாத்தி விரிந்து கொடுப்பதற்காகச் சேர்ப்பதே குளூட்டனைத்தான்.

விலைக்கு வருவோம். 800 கிராம் 560 ரூபாய் என்றால் ஒரு கிராம் 70 காசு. இந்தக் கணக்கை நீங்கள் போடவே வேண்டாம். அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமின் விலையும் அச்சிடப்பட்டிருக்கும். அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தோலோடு வறுத்த நிலக்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 16 கிராம் மாவுச்சத்து, அதில் பாதி நார்ச்சத்து, 25 கிராம் புரதம். இதன் ஒரு கிராம் விலை அந்த மாவின் விலையில் பாதிகூட வராது. முட்டையில் மாவுச்சத்து ஒரு கிராமுக்கும் குறைவு. பனீர், தேங்காய்ச் சில்லு, வெள்ளரிக்காய், தயிர், மீன் எதன்மேலும் 'கீட்டோ' என்று யாரும் அச்சிடுவதில்லை. உங்கள் கணவருக்கு மருத்துவர் சொன்னதை நிறைவேற்ற, தட்டில் சோற்றைப் பாதியாக்கிப் பொரியலையும் முட்டையையும் கூட்டினாலே போதும். அதற்கு மாதம் நாலாயிரம் ஆகாது.

ஒரு பாக்கெட் ஏற்கெனவே பிரித்திருந்தால் முகர்ந்து பாருங்கள். பாதாம் மாவும் ஆளி விதையும் எண்ணெய்ப் பசை உள்ளவை. நம் ஊர் வெயிலில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கிவிடும். வாடை வந்துவிட்டால், விலையைப் பார்த்து அதைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: 40 கிராம் கீட்டோ சாக்லேட் ஒன்றின் மேலுறையில் 'நெட் கார்ப் 2 கிராம்' என்று போட்டிருந்தது. என் மனைவி ஒரே மாலையில் இரண்டு சாப்பிட்டார். இரவெல்லாம் வயிறு பொருமி, மூன்று முறை போய் வந்தார். அந்த 2 கிராம் உண்மைதானா? (மதுரை வாசகர்)

பதில்: மொத்த மாவுச்சத்திலிருந்து, இரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்று கருதுபவற்றைக் கழித்த மிச்சத்தைத்தான் 'நெட் கார்ப்' என்கிறார்கள். கழித்தல் கணக்காக அது சரி. ஆனால் எதைக் கழித்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய உறையில் 100 கிராமுக்கு உள்ள விவரம் இது: மாவுச்சத்து 55 கிராம், அதில் நார்ச்சத்து 15, மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி 35, கொழுப்பு 34, புரதம் 8, ஆற்றல் 472 கிலோ கலோரி. ஐம்பத்தைந்திலிருந்து நார்ச்சத்தையும் மால்டிட்டாலையும் முழுதாகக் கழித்தால் மிச்சம் 5. 40 கிராம் துண்டுக்கு அது 2 கிராம். மேலுறையில் உள்ள எண் இப்படித்தான் பிறந்தது.

மால்டிட்டாலை முழுதாகக் கழிப்பதுதான் இதில் வம்பு. சர்க்கரை ஆல்கஹால் என்று அழைக்கப்படும் இந்த வகை இனிப்பூட்டிகள் எல்லாம் உடலில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. எரித்ரிட்டால் இரத்தச் சர்க்கரையை ஏறக்குறைய அசைப்பதே இல்லை. நாக்கில் ஒரு குளிர்ச்சி தெரிவது அதன் இயல்பு. மால்டிட்டால் அப்படியல்ல, இரத்தச் சர்க்கரையை ஒரு உணவு எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் குறியீடு சாதாரணச் சர்க்கரைக்கு 65-ஐ ஒட்டி இருக்கிறது என்றால் இதற்கு 35 அளவில் இருக்கிறது. இதை உணர்ந்தவர்கள் மால்டிட்டாலில் பாதியை மட்டுமே கழிக்கிறார்கள். அவ்வாறு பார்த்தால் உங்கள் மனைவி சாப்பிட்ட ஒரு துண்டில் 2 அல்ல, 9 கிராம். இரண்டு துண்டில் 18 கிராம். கலோரியிலும் பெரிய லாபமில்லை: அந்தத் துண்டு சுமார் 190 கிலோ கலோரி, அதே எடையுள்ள சாதாரணப் பால் சாக்லேட் 215 அளவில் வரும்.

வயிற்றுப் பிரச்சினைக்கும் காரணம் அதுவே. இரண்டு துண்டில் 28 கிராம் மால்டிட்டால் உள்ளே போயிருக்கிறது. சிறுகுடலில் உறிஞ்சப்படாத பகுதி தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்க, வாயுவும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. இத்தகைய பொருள் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் வயிற்றுப்போக்கு உண்டாகலாம் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. உங்கள் உறையின் மடிப்புக்குள், தேதிக்குக் கீழே, கடுகு அளவு எழுத்தில் அது இருக்கிறது. முன்பக்கத்து 'நெட் கார்ப்' எழுத்தில் பாதி அளவாவது அதற்குக் கொடுத்திருந்தால் உங்கள் வீட்டில் அன்றிரவு தூக்கம் கெட்டிருக்காது.

'நெட் கார்ப்' என்பதும் சட்டம் வரையறுத்த அளவு அல்ல, அமெரிக்காவிலும் அப்படித்தான். 2000-களின் தொடக்கத்தில் அங்கே மாவுச்சத்தைக் குறைக்கும் அட்கின்ஸ் உணவுமுறை உச்சத்தில் இருந்தபோது பாக்கெட்டுகளில் பரவிய சொல் அது. அந்த அலை வடிந்ததும் அட்கின்ஸ் நிறுவனமே 2005-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது. நார்ச்சத்தைக் கழிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஐசோமால்ட்டோ ஆலிகோசாக்கரைடு என்ற இனிப்புப் பாகை நார்ச்சத்து என்று கணக்குக் காட்டிப் பல புரத பார்கள் விற்றன. அதில் ஒரு பகுதி செரித்து இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதை நார்ச்சத்தாக ஏற்கவில்லை.

எரித்ரிட்டால் உள்ளதை வாங்கிவிட்டால் கவலை விட்டதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2023-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக இருந்ததாக வெளியிட்டார்கள். அது தொடர்பைக் காட்டியதே தவிர, காரணம் அதுதான் என்று நிறுவவில்லை. உடலே எரித்ரிட்டாலைச் சிறிதளவு உண்டாக்குகிறது என்பதும் கணக்கில் கொள்ள வேண்டியது. என்றாவது ஒரு துண்டு என்றால் நான் தடுக்க மாட்டேன். இதய நோய் உள்ளவர் தினம் சாப்பிடுவதை ஊக்குவிக்கவும் மாட்டேன்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறேன். அரிசியை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கீட்டோ பாக்கெட் உணவாக மாற்றிக்கொள்ளலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட மாற்ற வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. இவற்றோடு மாவுச்சத்தையும் அடியோடு குறைத்தால் இரத்தத்தில் கீட்டோ அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். அப்போது சர்க்கரை அளவு இயல்பை ஒட்டியே காட்டுவதால், வீட்டுக் கருவியில் பார்த்து 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று இருந்துவிடுவார்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு திசையில்: மருந்தின் அளவைக் குறைக்காமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடலாம்.

கேள்வி: நான் மாதத்தில் பாதி நாள் பயணத்தில் இருப்பவன். மருத்துவர் மேற்பார்வையில்தான் கீட்டோவில் இருக்கிறேன். ரயிலிலும் விடுதியிலும் சமைக்க வழியில்லை. பாக்கெட்டே வேண்டாம் என்றால் எதைச் சாப்பிடுவது? (சென்னை வாசகர்)

பதில்: பாக்கெட் உணவுக்கு நியாயமான வாடிக்கையாளர் உங்களைப் போன்றவர்தான். உப்பு மட்டும் சேர்த்த பாதாம், வறுத்த நிலக்கடலை, பூசணி விதை ஆகியவற்றைச் சிறு பாக்கெட்டாக வாங்குங்கள். உட்பொருள் பட்டியல் இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். நிலையத்தில் கிடைக்கும் வேகவைத்த முட்டையை எந்தக் கீட்டோ பாரும் வெல்லாது. ஆனால் பொரிகடலையைக் கடலைதானே என்று கொறிக்காதீர்கள். அதில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. முந்திரியிலும் 100 கிராமுக்கு 30 கிராம் அளவுக்கு உண்டு.

பிஸ்கட்டும் மிக்சரும் வாங்கியே தீர வேண்டுமென்றால், 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தியை விட்டுவிட்டு 100 கிராமுக்கு உரிய பத்தியைப் பாருங்கள். ஒரு பரிமாறல் 15 கிராம் என்று போட்டிருப்பார்கள். அது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய இரண்டு பிஸ்கட். ரயில் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் முழுப் பாக்கெட்டும் காலியாகிவிடும் என்பது அச்சிட்டவருக்கும் தெரியும். மிக்சர் வகைகளில் பாமாயிலில் பொரித்தது எது என்று பார்த்து ஒதுக்குங்கள். நிறைவுற்ற கொழுப்பும் சோடியமும் எவ்வளவு என்பது அதே அட்டவணையில் இருக்கும்.

கேள்வி: 'கீட்டோ, சர்க்கரை இல்லை' என்று விற்ற பானப் பொடியின் உட்பொருளில் இரண்டாவதாக மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். புகார் செய்யலாமா? (சேலம் வாசகி)

பதில்: செய்யலாம், ஆனால் எதைக் குறையாகச் சொல்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. மாவுப்பொருளிலிருந்து எடுக்கப்படும் மால்டோடெக்ஸ்ட்ரின் இரத்தச் சர்க்கரையைச் சீனியைவிட வேகமாக ஏற்றக்கூடியது என்றாலும், அட்டவணையில் 'சர்க்கரை' என்ற வரியில் அது பெரும்பாலும் வராது; மாவுச்சத்து வரியில்தான் வரும். எனவே சர்க்கரை வரியில் 100 கிராமுக்கு அரை கிராமுக்குள் இருந்தால், 'சர்க்கரை இல்லை' என்பதைப் பொய் என்று நிறுவுவது கடினம். உங்கள் வலு வேறிடத்தில் இருக்கிறது: 100 கிராமில் மாவுச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். அது நாற்பது, ஐம்பது என்று இருந்தால், அதைக் கீட்டோ என்று விளம்பரப்படுத்தியது நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியது என்று வாதிடலாம்.

பாக்கெட்டின் எல்லாப் பக்கங்களையும், இணையத்தில் விற்ற பக்கத்தையும், ரசீதையும் படமெடுத்து வையுங்கள். விற்பனைப் பக்கத்தின் வாசகங்கள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். 14 இலக்க உரிம எண்ணும் படத்தில் தெரிய வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு, பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. மீதமுள்ள பொடியைக் கொட்டிவிடாமல் டப்பாவோடு மூடி வையுங்கள்.