அமெரிக்காவில் ஈய உருக்காலையை மூடியதால்தான் தோட்டாத் தட்டுப்பாடு வந்ததா? நம் ஊரிலும் தோட்டா கிடைக்காததற்கு அதுதான் காரணமா?

இதே கேள்வியைப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா போன வருசம் என்னிடம் கேட்டார். அவரிடம் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. நிலக்கடலையைக் காட்டுப்பன்னி கிளறிப் போட்ட மறுநாள், கையில் போனோடு வந்தார்.

"ஏந்தம்பி, உன்ற கடைத் திண்ணையிலயே இத்தன ஈயங் கெடக்குது. அமெரிக்காவுல கவர்மெண்டு ஈய ஆலைய மூடிப்போட்டதால தோட்டாவே இல்லைங்கறான் இந்த வீடியோவுல. இங்கயும் அதானா?"

எனக்குத் துப்பாக்கி பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். ஈயம் தெரியும். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பதினாறு வருசமாக பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். புதுசு விற்பதைவிடப் பழசு எடை போடுவதில்தான் பாதிப் பொழுது போகிறது.

வீடியோக்காரர் சொன்ன ஆலை நிஜம். மிசூரி மாநிலத்தில் ஹெர்குலேனியம் என்ற ஊரில் 1892-இலிருந்து ஓடியது. தாதுவிலிருந்து நேரடியாக ஈயம் எடுக்கும் ஆலைகளில் அமெரிக்காவில் கடைசியாக மிஞ்சியது அதுதான். காற்றில் ஒரு கன மீட்டருக்கு 1.5 மைக்ரோகிராம் வரை ஈயம் இருக்கலாம் என்றிருந்த வரம்பை 2008-இல் அந்நாட்டு அரசு 0.15 ஆக்கியது. ஒரேயடியாகப் பத்தில் ஒரு பங்கு. (நம் நாட்டில் 2009-இல் வந்த அளவுகோலின்படி ஆண்டுச் சராசரி 0.5.) அந்த வரம்புக்குள் நிற்கும் புது முறைக்கு மாறப் பெரும் பணம் வேண்டும். மாறுவதைவிட மூடிவிடலாம் என்று 2010-இல் அரசோடு உடன்பாடு செய்துகொண்டு, 2013 டிசம்பர் கடைசியில் உலையை அணைத்தார்கள்.

ஆனால் தேதியைப் பாருங்கள். அங்கே கடைகளில் தோட்டா காலியானது 2013 தொடக்கத்திலேயே. 2012 டிசம்பரில் ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைச் சுட்டுக் கொன்ற கொடுமைக்குப் பிறகு, சட்டம் இறுகப் போகிறது என்ற பயத்தில் சனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். பாயிண்ட் 22 என்ற சாதாரணச் சின்னத் தோட்டாகூட மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. ஆலை மூடியது அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருசம் கழித்து. மழை வருமுன்னே சட்டை நனைந்ததற்கு மேகத்தைக் குறை சொன்ன கதைதான்.

இன்னொரு விசயம், இது என் தொழில் சார்ந்தது. குண்டு செய்கிறவர்களுக்குத் தாதுவிலிருந்து வந்த ஈயம்தான் வேண்டும் என்றில்லை. பழைய பேட்டரியை உடைத்து உருக்கிச் சுத்தம் செய்த ஈயமும் அதே ஈயம்தான். ஹெர்குலேனியம் ஆலையை வைத்திருந்த நிறுவனமே அதே மாநிலத்தில் பழைய பேட்டரி உருக்கும் ஆலையைத் தொடர்ந்து நடத்தியது. அமெரிக்காவில் செலவாகும் ஈயத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் பேட்டரிக்கே போகிறது. தோட்டாவுக்குப் போவது சிறு பங்கு. பெரியப்பாவுக்குக் கடை வாசலில் கிடந்த கார் பேட்டரி ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். பத்துக் கிலோ. ஆசிட்டும் பிளாஸ்டிக்கும் போக ஆறு கிலோ ஈயம் தேறும். அவருடைய 12 போர் அளவுத் தோட்டா ஒன்றில் சுமார் 30 கிராம் ரவை, அதாவது சின்னச் சின்ன ஈய மணிகள், இருக்கும். ஆக ஒரு பேட்டரிக்கு 200 தோட்டா. பாயிண்ட் 22 என்றால், குண்டு ஒன்றுக்கு 2.6 கிராம், இரண்டாயிரத்துக்கு மேல் வரும்.

சொல்லி வாய் மூடவில்லை, "அப்ப நாமளே வாத்துக்கலாமே" என்றார். வேண்டாம் பெரியப்பா, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்தால் ஆயுதச் சட்டத்தில் கம்பி எண்ண வேண்டும் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

2020-இல் கொரோனா சமயத்தில் அங்கே மறுபடி தட்டுப்பாடு வந்தது. அப்போது பெரிய முடையாக இருந்தது கேப். தோட்டாவின் அடியில் ஊசி அடித்ததும் பொறி தட்டுமே, அது. அதைச் செய்யும் கம்பெனிகள் அங்கே விரல் விட்டு எண்ணும்படிதான்.

அப்படியானால் சுற்றுச்சூழல் விதி தோட்டாவைத் தொடவே இல்லையா? தொட்டது, வேறு வழியில். ஈயக் குண்டு பட்டுச் செத்த மிருகத்தின் மிச்சத்தைத் தின்று கலிபோர்னியாவில் காண்டோர் என்ற பெருங்கழுகுகள் செத்தன. 1982-இல் உலகத்திலேயே 22 பறவைகள்தான் மிச்சம். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு 1991-இல் அமெரிக்கா முழுக்கத் தடை வந்தது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து சதுப்பு நிலங்களில் ஈய ரவை கூடாது. பதிலுக்கு இரும்பு, செம்பு, பிஸ்மத், டங்ஸ்டன். இரும்பு ஈயத்தைவிட லேசு, தூரம் போகப் போக வேகம் குறையும். பழைய துப்பாக்கிக் குழலுக்கும் ஆகாது. மற்றவை விலை அதிகம். வேட்டைக்காரர்கள் முனகுவதில் நியாயம் இருந்தால் அது இங்கேதான், ஆலைக் கதையில் இல்லை.

அந்த விதிகள் ஏன் வந்தன என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். சில வருசம் முன்பு எல்லையை ஒட்டிய தென்னந்தோப்பு ஒன்றில் ராத்திரி மட்டும் பேட்டரி உருக்கினார்கள். விடிந்தால் அடுப்பு ஆறியிருக்கும், தகரக் கூரை மட்டும் நிற்கும். கேரளாப் பக்கம் கெடுபிடி என்றால் தமிழ்நாட்டுப் பக்கம் நூறு மீட்டர் தள்ளிப் போடுவார்கள், அங்கே ஆள் வந்தால் மறுபடி இங்கே. அந்தத் தோப்பு ஓரம் மேய்ந்த மாடு ஒன்றைப் பார்த்தேன். கண் தெரியாமல் தொழுவத்துச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டே நின்றது, பல்லை நறநறவென்று கடித்தது. மருந்து கொடுக்க வந்த மருத்துவர் முதலில் கேட்டது, "பக்கத்துல பேட்டரி உடைக்கறாங்களா?" மூன்றாம் நாள் மாடு செத்தது. நான் பழைய பேட்டரியைப் பதிவு பெற்ற ஆலைக்கு மட்டும்தான் அனுப்புகிறேன். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதி அதைத்தான் சொல்கிறது. கிலோவுக்குச் சில ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இனி பெரியப்பாவின் தட்டுப்பாடு. 12 போர் தோட்டா நமக்குப் பெரும்பாலும் புனே பக்கத்துக் கட்கி அரசுத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்க முடியாது, கடைகளோ சொற்பம். இங்கே கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.  கேரளாவில் 2022-இலிருந்து பயிரை அழிக்கும் பன்னியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு வந்துவிட்டது. சுட்டதை மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும். யாரும் தின்னக் கூடாது என்பதால் கறியில் ஈயத்தூள் என்ற கவலை, காகிதத்திலாவது, இங்கே இல்லை.

2024 தேர்தல் அறிவித்த வாரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேசனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெரியப்பா கடைக்கு வந்தார். டப்பாவில் எல்.ஜி. தோட்டா, பன்னிக்கான பெரிய ரவை போட்டது, ஆறு மிச்சம் இருந்தது. துப்பாக்கிதான் இல்லை.